மதினிக்கு ஊர் காட்டிய பண்டல் அண்ணன்

பண்டல் அண்ணனின் ஆட்டோவில் ஏறியவர்கள் அத்தனை பேரும் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். நேராகப் போய்ச் சேர்ந்தவர் என்று மட்டும் உலகத்தில் ஒருவரும் கிடையாது.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்ன என்று வேலம்பாளையத்தில் யாருக்கும் தெரியாது. ரேஷன் கடைக்காரர்கூட "பண்டலு, சக்கரை வந்திருக்குதுங்க" என்றுதான் கூப்பிடுவார். ஆட்டோவுக்கு வருவதற்கு முன் அவர் கம்பெனி கம்பெனியாகப் பண்டல் ஏற்றி இறக்கியவர். இந்த ஊரில் ஒரு டி-ஷர்ட் ஒரே கூரையின் கீழ் பிறப்பதில்லை. ஓரிடத்தில் துணி பின்னி, இன்னோரிடத்தில் சாயம் போட்டு, வேறோரிடத்தில் வெட்டி, கட்டாகக் கட்டி, தைக்க ஓரிடம், பிசிறு பார்க்க ஓரிடம், தேய்க்க ஓரிடம் என்று பாதி ஊரைச் சுற்றிப் பார்த்த பிறகுதான் அது பெட்டிக்குள் போகும். அந்தக் கட்டுகளை இடம் மாற்றியே அண்ணனுக்குத் தலை நரைத்தது. பிறகு சரக்கு வண்டியை விற்றுவிட்டு ஒரு பழைய ஷேர் ஆட்டோ வாங்கினார். முன்னால் பார்த்து ஓர் இருக்கை, அதற்கு முதுகைக் காட்டிப் பின்னால் பார்த்து இன்னோர் இருக்கை. வண்டி மாறிவிட்டது. ஏறுவது மனிதர்கள் என்ற தகவல் மட்டும் அவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

"எத்தன பீஸுங்க?" என்பார். குடும்பத்தோடு ஏறினால், "பெரிய பீஸ் ரெண்டு, சின்ன பீஸ் ஒண்ணு. சரிங்க" என்று கண்ணாடியில் பார்த்து எண்ணிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார். பெட்டி, பை எதுவானாலும் பனியன் வேஸ்ட் துணியில் ஒரு பட்டை கிழித்துக் கட்டிவிடுவார். சிவப்புப் பட்டை என்றால் அவசரம். கல்யாணமாகி நான் உடன்குடியிலிருந்து இந்த ஊருக்கு வந்து இறங்கிய அன்று எங்கள் பெட்டிகளுக்கெல்லாம் கட்டி முடித்துவிட்டு என் கைப்பையைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. "அம்மிணி, பட்டை இல்லாத பீஸுக்கு நான் பொறுப்பில்லீங்க" என்றார். நான் பயந்துபோய்க் கொடுத்துவிட்டேன்.

மகள் மித்ரா பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வண்டியில்தான் வீட்டுக்கு வந்தோம். "ஒரு பீஸ் கூடிருச்சுங்க!" என்று வாட்ச்மேனிடமெல்லாம் சொன்னார். அன்று அவர் ஓட்டிய வேகத்தில் ஒரு தள்ளுவண்டிக்காரர் எங்களை முந்திப் போனார். போகும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்ததும் நினைவிருக்கிறது.

"என் மகளைப் பீஸ்னு சொல்லாதீங்க அண்ணா" என்று பல தடவை சொல்லியிருக்கிறேன்.

"ஆகட்டுங்க அம்மிணி" என்பார். பிறகு என் மனம் கோணக் கூடாதென்று, "நல்ல பீஸுங்க" என்பார்.

நான் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. மித்ராவின் ப்ளே ஸ்கூல் மதியமே முடிந்துவிடும்; நான் வர மாலையாகும். அண்ணன் அவளை அழைத்துவந்து கீழ்வீட்டு ஜெபா அக்காவிடம் விட வேண்டும் என்பது ஏற்பாடு. பத்து நிமிட வழி. ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து அவர் ஒருநாளும் வந்ததில்லை. பள்ளியில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்க, நான் ஜன்னலோரம் நின்று போன் பண்ணுவேன்.

"அண்ணா, எங்க இருக்கீங்க?"

"வந்துட்டே இருக்கறமுங்க அம்மிணி. ட்ராஃபிக்குங்க."

வேறு ஆளைப் பார்க்கலாமா என்று தினமும் யோசிப்பேன். வேறு ஆள் இவரைவிட மோசமாக இருந்துவிட்டால்? அப்படியே ஒரு வருடம் போய்விட்டது.

இந்த நிலையில்தான் என் கணவரின் அக்கா மஸ்கட்டிலிருந்து வந்தார். மதினி அங்கே ஒரு பள்ளியில் சீனியர் டீச்சர். எங்கள் வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். எந்த வீட்டில் பெண் எடுப்பது, எந்தப் பக்கம் கதவு வைப்பது எல்லாம் மஸ்கட்டில் முடிவாகி உடன்குடிக்கு வந்து சேரும். அவர் புறப்படும் முன்பே மாமியார் எனக்குப் போன் பண்ணிவிட்டார்.

"பெரியவ வந்து பாக்கட்டும். பிள்ள வளர்க்க லாயக்கான ஊருன்னு அவ சொன்னா சரி. இல்லன்னா மித்ராவ இங்கன கொண்டாந்து விட்டுருங்க. நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா வேலையப் பாருங்க."

நல்ல மனதோடுதான் சொன்னார். அதனாலேயே எனக்கு மறுத்துப் பேச வாய் வரவில்லை. அன்றிலிருந்து தூக்கமும் வரவில்லை. பிள்ளை வளர்க்க இது லாயக்கான ஊர்தானா? தண்ணீர் லாரி வரும் நாளில் குடத்தோடு ஓடுகிறோம். மித்ரா இருமினால் தூசியா, பஞ்சா, சளியா என்று தெரியாமல் நான் விழித்துக்கொண்டு கிடக்கிறேன். எனக்கே தெரியாத பதிலை மதினி ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார் என்று பயமாக இருந்தது.

ஆகவே ஊரின் நல்ல பக்கத்தை மட்டும் காட்டுவது என்று முடிவு செய்தேன். முதலில் அவினாசிக் கோயில். பிறகு புல் இருக்கிற ஒரு பூங்கா. பிறகு ஏசி ஓட்டலில் சாப்பாடு. கடைசியாக ப்ளே ஸ்கூலை வெளியிலிருந்து. எந்த ரோட்டில் குழி குறைவு, எந்த வழியில் சாயப்பட்டறை வாசம் வராது என்று மனதுக்குள் பல முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில், எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்க்கும் என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டே, "எனக்கு ஷிப்மென்ட் இருக்கு. பண்டல் அண்ணனை வரச் சொல்லிட்டேன்" என்றார். இவருக்குக் கல்யாணத்தன்றும் ஷிப்மென்ட் இருந்தது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நான் கீழே ஓடினேன். இங்கேதான் நான் ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன்.

"அண்ணா, எங்க மதினி வந்திருக்காங்க. ஊரை முழுசாச் சுத்திக் காட்டணும்."

அவர் முகம் மாறிற்று. "ஒறம்பரைங்களா?" என்றார். விருந்துக்கு வரும் உறவுக்காரர்களுக்கு இங்கே அதுதான் பெயர். "முழுசாவுங்களா?"

"ஆமா."

"மொதல்ல இருந்துங்களா?"

"ஆமாண்ணா, மொதல்ல இருந்து" என்றேன், கோயிலை நினைத்துக்கொண்டு.

அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினார். இத்தனை வருடத்தில் எவரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மதினி கறுப்புக் கண்ணாடியும் ஊதா ஷாலுமாக இறங்கிவந்தார். "மூணு பீஸ். சரிங்க" என்று வண்டி கிளம்பியது. அவினாசி ரோட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் எதிர்ப்பக்கம் திரும்பியது.

"அண்ணா, கோயில் அந்தப் பக்கம்!"

"நூல் இந்தப் பக்கமுங்க அம்மிணி."

ஒரு நூல் குடோன் முன்னால் நிறுத்தினார். உள்ளே கூம்பு கூம்பாக நூல், கூரை வரைக்கும். "இதானுங்க ஆரம்பம்" என்று கோபுரத்தைக் காட்டுவதுபோல் கையை உயர்த்திக் காட்டினார். மதினி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டார்.

அதற்குள் குடோன் வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். "ஏனுங் பாப்பா, சனிக்கெழமையுங்கூட வந்துட்டீங்களா?" என்று மித்ராவிடம் ஒரு பிஸ்கட்டை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, "தாத்தா, உங்க பல்லு வலி போயிடுச்சா?" என்று கேட்டாள்.

"இவருக்கு உன் மகள எப்படித் தெரியும்?" என்றார் மதினி.

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் கூரையைப் பார்த்தார். "கொழந்தைகன்னா எல்லாருக்கும் தெரியுமுங்க" என்றார்.

அடுத்து நெருப்பெரிச்சல் என்று ஒரு பகுதி. துணி பின்னும் கம்பெனி. ஆளுயர உருளை மெஷின்கள் கடகடவென்று சுற்ற, கீழே துணி குழாயாக இறங்கியது. பேசினால் காது கேட்காத சத்தம். காற்றெல்லாம் பஞ்சு. ஷாலை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வதற்குள் முடியில் பஞ்சு படிந்து மதினிக்குப் பத்து வயது கூடிவிட்டது. அங்கே மெஷின் ஓட்டுகிற பீகார்க்காரப் பையன் ஒருவன், "அரே, மித்ரா ராணி!" என்று கத்தினான். என் மகள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "பையா, மஷீன் பந்த் கரோ!" என்று கட்டளையிட்டாள். அவன் சிரித்துக்கொண்டே ஒரு மெஷினை நிறுத்தினான்.

மதினி மூன்று தும்மல் போட்டுவிட்டுக் கேட்டார். "உங்க ப்ளே ஸ்கூல்ல ஹிந்தி சொல்லித் தாராங்களாட்டி?"

"தெரியலை மதினி."

"பெத்த தாய்க்குத் தெரியலியா?"

அந்த வினாடியிலேயே மித்ராவின் துணிகளை மனதுக்குள் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

"அண்ணா, போதும். கோயிலுக்குப் போங்க" என்றேன் கெஞ்சலாக.

"அதெப்படீங்க அம்மிணி? இப்பத்தான் துணியே ஆயிருக்குது. சாயம் போட வேண்டாமுங்களா?"

சாயப்பட்டறை! மதினி மூக்குக்கு எட்டக் கூடாது என்று நான் பயந்த ஒரே இடம். நல்லவேளை, அங்கே உள்ளே விட மாட்டார்கள். அண்ணன் மதில் ஓரமாக வண்டியை நிறுத்தினார். "உள்ள உட மாட்டாங்க. ஆனா இதத் தாண்டிப் போனா தப்புங்க. ஒரு நிமிசம் நிறுத்தறனுங்க. வாசம் மட்டும் புடிச்சுக்குங்க."

ஆவியும் ரசாயனமும் கலந்த வாசம் வந்தது. மதினி ஷாலால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் கை இறங்கவே இல்லை.

வழியில் பேச்சை மாற்ற வேண்டுமென்று, மதினி மஸ்கட்டிலிருந்து மித்ராவுக்கு வாங்கி வந்து இன்று போட்டுவிட்டிருந்த மஞ்சள் டி-ஷர்ட்டைப் பற்றி எடுத்தேன். "எவ்வளவு மெத்துனு இருக்கு மதினி!"

அண்ணன் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். திரும்பி, மித்ராவின் சட்டை ஓரத்தை உள்பக்கம் புரட்டித் தையலைப் பார்த்தார். "இது நம்மூர்ப் பீஸுங்க. நம்ம ஊட்டுக்குப் பின்னால தெருவுல தெச்சதுங்க. தையலு பேசுதுங்க."

மதினியின் முகம் சுருங்கியது. சட்டையின் கழுத்தை இழுத்து லேபிளைப் படித்தார். "பங்களாதேஷ்னு போட்டிருக்கு."

அண்ணன் ஒரு கணம்தான் தடுமாறினார். "லேபிள் பொய் சொல்லுதுங்க" என்று வண்டியை எடுத்தார்.

துணி சுருங்காமல் இருக்க ஆவியில் அழுத்துகிற இடத்தில் மதினி வியர்த்து வழிந்தார். வெளியே வந்ததும் பள்ளிக்கூடக் குரலில் சொன்னார். "இந்தா பாருங்க. எனக்குப் பசிக்கி. நேரா ஓட்டலுக்குப் போங்க."

"சரிங்க" என்றார் அண்ணன். உண்மையிலேயே முயற்சி செய்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். ரவுண்டானா வரைக்கும் சரியான பாதையில்தான் போனார். அங்கே போனதும் கழுத்தில் யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல் தலை இடப்பக்கம் திரும்பியது. வண்டியும் கூடவே திரும்பியது. "கட்டிங் முடியலீங்களே" என்றார், அழமாட்டாத குறையாக.

மதினி வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கினார். கைப்பையை என் பக்கத்தில் வைத்துவிட்டு, சுற்றிப் போய்ப் பின்பக்கம் பார்த்த இருக்கையில் தனியாக உட்கார்ந்துகொண்டார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு ரெக்சின் முதுகு. அதில் மங்கிப்போன சின்ன பிளாஸ்டிக் ஜன்னல். கட்டிங்கும் தையலும் அப்படியே பேச்சில்லாமல் முடிந்தன. இரண்டு இடத்திலும் மித்ராவுக்கு வணக்கம் போட ஆட்கள் இருந்தார்கள்.

செக்கிங் யூனிட்டில்தான் குட்டு உடைந்தது. நீள மேஜைகளில் ட்யூப்லைட்டுக்கு அடியில் பெண்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு சட்டையையும் உள்பக்கம் புரட்டி, குறை இருக்கிற இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நுழைந்ததும் மித்ரா என் கையை உதறிவிட்டு ஓடிப்போய் ஒரு பெண்ணின் மடியில் ஏறி உட்கார்ந்தாள். அந்தப் பெண் கேட்காமலே டிபன் பாக்ஸைத் திறந்து அவளுக்கு ஊட்ட ஆரம்பித்தாள்.

"என்னங்க இது?" என்றேன்.

"நீங்கதான் மித்ராவோட அம்மாங்களா?" என்றாள் அவள் சந்தோஷமாக. "தெனமும் மத்தியானம் இங்கதானுங்க சாப்பாடு. பண்டல் அண்ணன் பாக்கிப் பண்டல இறக்கற வரைக்கும் பாப்பா எங்க கூடத்தான் இருக்கும். வாங்க கண்ணு, இன்னொரு வாய்."

ட்ராஃபிக்! ஒரு வருடமாக நான் ஜன்னலோரம் நின்று கேட்ட ட்ராஃபிக் இதுதான். பழைய கம்பெனிக்காரர்களின் சில்லறைப் பண்டல்களை அவர் இன்னும் விடவில்லை. என் மகளை வைத்துக்கொண்டே ஏற்றி இறக்கியிருக்கிறார்.

"ஜெபா அக்காளுக்குத் தெரியுமுங்க" என்று அண்ணன் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார். "உங்களுக்கு வீண் கவலை எதுக்குன்னு..."

மதினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். மித்ரா அதற்குள் ஒரு சிவப்பு அம்பை எடுத்து வந்து என் முழங்கையில் ஒட்டினாள். குறை இருக்கிற இடம். மதினி அதையும் பார்த்தார்.

"நான் வண்டில போயி இருக்கேன். உன் மகளக் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மித்ராவுக்கு வாய் துடைத்து, செருப்பைத் தேடி மாட்டி, நான் வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆனது. பிளாஸ்டிக் ஜன்னலில் ஊதா ஷால் தெரிந்தது. முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. முன்னால் ஏறிக்கொண்டேன். அண்ணனுக்கும் அவமானம் போலிருக்கிறது, கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்து, "மூணு பீஸ். சரிங்க" என்று முனகிவிட்டு அயர்ன் கம்பெனியைப் பார்த்துக் கிளப்பினார்.

மித்ரா என் மடியில் தூங்கிப்போனாள். பின்னால் சத்தமே இல்லை. மதினி திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த மௌனம்தான் என்னைப் பேச வைத்தது. திரும்பாமலே ஆரம்பித்தேன்.

"மதினி, நீங்க கோவமா இருக்கீங்கன்னு தெரியுது. எனக்கும் கோவமாத்தான் இருக்கு. இவ எங்க சாப்பிடுதான்னே எனக்குத் தெரியல, நான் என்ன அம்மான்னு நீங்க நினைக்கலாம். நானும் அதைத்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

பதில் இல்லை. பதில் இல்லாதது எனக்குப் புதிய தெம்பைக் கொடுத்தது.

"ஆனா நீங்க வந்ததுல இருந்து மூக்கப் பொத்திக்கிட்டே இருக்கீங்க. பொத்திக்கிட்டா எந்த ஊருதான் நல்லா இருக்கும்? உங்க ஸ்கூல்ல பிள்ளைங்கள நிக்க வைக்கிற மாதிரி என்னையும் நிக்க வைக்கீங்க. அத்தைக்கு முட்டி வலி. இவ பின்னால யாரு ஓடுவா? சாயங்காலம் நான் தெருமுனையில வரும்போது இவ ஓடி வருவா பாத்தீங்களா, அந்த ஓட்டத்த நான் யாருக்கும் குடுக்க மாட்டேன் மதினி. போன்ல பாத்துக்க மாட்டேன். இது நல்ல ஊரா, கெட்ட ஊரான்னு எனக்கே தெரியல. நாங்க மூணு பேரும் ஒண்ணா இருக்கிற ஊரு இதுதான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நீளமாக மறுத்துப் பேசியதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். முன்னால் அண்ணனின் முதுகு ஆடாமல் அசையாமல் இருந்தது. பின்னால் அதே மௌனம். முடிந்தது, பிள்ளை உடன்குடிக்குப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அயர்ன் கம்பெனி வாசலில் வண்டி நின்றது. அண்ணன் இறங்கிப் பின்னால் போனார். "அம்மிணி" என்று ஒரு குரல் வந்தது. அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை.

போய்ப் பார்த்தேன். பின் இருக்கையில் ஒரு பண்டல் உட்கார்ந்திருந்தது. செக்கிங் யூனிட்டில் இறங்கும்போது மதினி பஞ்சை உதறி, வியர்வை காய இருக்கை முதுகில் போட்டுவிட்டுப் போன ஊதா ஷால் அதன் மேல் சரிந்து கிடந்தது. செக்கிங் யூனிட்காரர்கள், போகிற வழிதானே, அயர்னில் இறக்கிவிடட்டும் என்று அவர் வண்டியில் எப்போதும் போல் தூக்கி வைத்திருக்கிறார்கள். அண்ணன் எப்போதும் போல் எண்ணியிருக்கிறார். எண்ணிக்கை சரிதான்.

"ஒரு பீஸக்கூட நான் தொலைச்சதில்லீங்க" என்றார் அண்ணன். "இத்தன வருசத்துல ஒரு பீஸக்கூட!"

மஸ்கட் மதினியைத் தொலைத்துவிட்டோம். அவர் கைப்பையும் போனும் என்னிடம்தான் இருந்தன. அந்த ஒரு தடவைதான் பண்டல் அண்ணன் நேர் வழியில் ஓட்டி நான் பார்த்தது.

மதினி செக்கிங் யூனிட்டின் பின்கூடத்தில், இன்னொரு நீள மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். முன்னால் யாருடையதோ டிபன் பாக்ஸில் மீன் குழம்புச் சோறு. பக்கத்தில் நிற்க இடமில்லாமல் பெண்கள். வண்டிக்குப் போகும் வழியிலேயே, "அக்கா, நீங்க உடன்குடிப் பக்கமா? பேச்சு அப்படி இருக்கே" என்று ஒரு பெண் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அவளுடைய பெரியப்பா மகன் மதினியோடு படித்தவனாம். மஸ்கட்டில் பதினைந்து வருடமாக இந்தக் குழம்பு கிடைக்கவில்லை என்று மதினி விரலை நக்கிக்கொண்டிருந்தார். மூக்கின் மேல் கை இல்லை.

"எங்கட்டி போனீங்க?" என்றார்.

"உங்களைக் கூட்டிட்டுத்தான் போனோம் மதினி. பாத்தா நீங்க இல்லை."

மதினிக்குப் புரியவில்லை. நான் விளக்குவதற்குள் அண்ணன் முன்னால் வந்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"தப்பு என்னோடதுங்க. அம்மிணி வர்ற வழியில உங்களுக்குன்னு சொல்லி உட்டாங்க. பின்சீட்டுல உங்களுக்குப் பதிலா ஒரு பண்டலுதான் இருந்துச்சுங்க, நாந்தான் பாக்காம வாங்கற ஆளில்லாம ஏத்திட்டுப் போயிட்டனுங்க. இப்ப ஒப்படைச்சர்றேன்."

"அண்ணா, வேண்டாம்!" என்றேன்.

"இருங்க அம்மிணி. ஏத்துனத எறக்கோணுமுங்க." விரலை மடக்கினார். "மொதல்லீங்க, உங்களுக்குக் கோவம், அவங்களுக்கும் கோவம். அடுத்ததுங்க, பாப்பா எங்க சாப்புடறான்னு தெரியாததுக்கு அவங்களுக்கே அவங்க மேல வருத்தமுங்க. அடுத்தது, நீங்க மூக்கப் பொத்திட்டே இருக்கறீங்களாமா. பொத்துனா எந்த ஊரும் நல்லா இருக்காதாமா."

மேஜையில் கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளையாட்ட நிக்க வெக்கறீங்களாமா. உங்கம்மாளுக்கு முட்டி வலிங்க. பாப்பா பின்னால ஓட முடியாதுங்க. சாயங்காலம் பாப்பா ஓடி வர்றது இருக்குதுங்களே, அத அவங்க யாருக்கும் தர மாட்டாங்களாமா." இன்னொரு விரலை மடக்கினார். "கடைசியா, இது நல்ல ஊரா கெட்ட ஊரான்னு அவங்களுக்குத் தெரியாதுங்க. மூணு பேரும் ஒண்ணா இருக்கற ஊரு இதுதானுங்களாமா. அவ்வளவுதானுங்க. ஒண்ணும் கொறையலீங்க."

தரை பிளந்தால் போய்விடலாம் என்று நின்றேன். மதினி சோற்றுக் கையோடு என்னையே பார்த்தார்.

"என்னட்டி, பண்டல்ட்ட பேசதுக்கு இருக்க தைரியம் என் மூஞ்சியப் பாத்து வரலியா?"

"இல்லை மதினி."

"மூக்கப் பொத்துனது தப்புதான்" என்றார் மதினி. இதை அவர் சொன்னதாக உடன்குடியில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கையைக் கழுவிவிட்டு என்னிடமிருந்து போனை வாங்கி அம்மாவுக்குப் போட்டார். நாங்கள் எல்லோரும் கேட்கும்படிதான் பேசினார்.

"எம்மா, ஊரு ஒண்ணும் சொல்லிக்கிற மாதிரி இல்ல. ஒரே தூசி. உன் மருமகளுக்கு எதுக்கெடுத்தாலும் பயம். ஒரு ஆட்டோக்காரர் இருக்காரு, அவரப் பத்தி நேர்ல சொல்லுதேன். பிள்ள இங்கனயே இருக்கட்டும்... எதுக்கா? அவ அம்ம இங்க இருக்கால்லா, அதுக்குத்தான்."

போனை வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தார். "இன்னும் என்ன பாக்கி இருக்கு?"

"அயர்னும் பேக்கிங்கும்ங்க" என்றார் அண்ணன் தயங்கித் தயங்கி.

"வண்டிய எடுங்க. அரைகொறையா விட்டா உங்களுக்கு இன்னைக்குச் சோறு எறங்காது."

கிளம்பும் முன் அண்ணன் இறங்கி வந்து, எங்கள் மூவரையும் தனித்தனியே முகத்தைப் பார்த்து எண்ணினார். இரண்டு முறை. அவினாசிக் கோயிலுக்கு நாங்கள் போகவே இல்லை.

மதினி ஊருக்குக் கிளம்பிய அன்று ஸ்டேஷனில் அண்ணன் அவர் பெட்டிக்குச் சிவப்புப் பட்டை கட்டினார். மதினி தானாகவே கைப்பையையும் நீட்டினார். மஸ்கட்டிலிருந்து அவர் வீடியோ காலில் பேசும்போது அந்தக் கைப்பை சில நாள் அவர் முதுகுக்குப் பின்னால் தொங்குவது தெரியும். பட்டை இன்னும் அதில்தான் இருக்கிறது.

வேறு ஆட்டோ பார்க்கலாமா என்று நான் இப்போதும் யோசிக்கத்தான் செய்கிறேன். சாயப்பட்டறைப் பக்கம் போகவே கூடாது, வழியில் செக்கிங் பெண்களிடம் தவிர வேறெங்கும் மித்ராவை இறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அவர் ஆகட்டுங்க என்றிருக்கிறார். அதை நம்பலாமா என்று ஒரு தனிக் கவலை. மதியமானால் இன்றும் ஜன்னலோரம் போய் நின்று போன் பண்ணுகிறேன்.

"வந்துட்டே இருக்கறமுங்க அம்மிணி" என்கிறார். பின்னால் பெண்கள் சிரிப்பதும், மித்ரா வாய் நிறையச் சோற்றோடு எதையோ சொல்வதும் கேட்கிறது. "ட்ராஃபிக்குங்க."

"இருக்குமுங்க அண்ணா" என்கிறேன். "மெதுவாவே வாங்க."